இருநூற்று ஐம்பத்தாறாவது வெட்கம்

திருமூர்த்தி தன் வாழ்நாளில் சேமித்தவற்றுள் அவர் மிகவும் பெருமைப்பட்டது ஒரு பைட். கணினியின் நினைவகத்தில் ஆங்கில எழுத்து ஒன்று உட்காரும் இடம். தமிழ் எழுத்தென்றால் அதுவும் போதாது. அந்த ஒற்றை பைட்டை மிச்சம் பிடித்த கதையை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் கோவை கணபதி வட்டாரத்தில் குறைவு.

வார நாட்களில் அவர் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதற்கு நிரல் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் 'சிட்டு'வுக்கு எழுதினார். சிட்டு என்பது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கையடக்க விளையாட்டுக் கருவி. சில பொத்தான்கள், தபால்தலை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைத் திரை. அதன் மொத்த நினைவகத்தில், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படம் ஒன்றின் கால்வாசிகூட அடங்காது. கருவியின் வரைபடமும் நிரலும் ஊருக்கே பொது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஒரே வழக்கம்தான்: எதை மாற்றினாலும், எதற்காக மாற்றினோம் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடையின் மாடியில் கூடி இதைச் செய்துகொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் தங்களை ஓர் இயக்கம் என்றே நம்பினார்கள்.

சிட்டுவின் மூன்றாம் பதிப்பில் பொத்தான்களுக்கு அடியில் ஓர் உணரி வந்தது. விரலின் சூட்டையும் ஈரத்தையும் ரத்த ஓட்டத்தையும் அது அளக்கும். மற்றவர்கள் அதை வைத்து இதயத் துடிப்பு பார்த்துக்கொண்டிருக்க, திருமூர்த்தி ஒரு மழைக்கால ஞாயிறில் அதிலிருந்து வெட்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டார். உலகத்துக்கு அது தேவையா என்று யாரும் கேட்கவில்லை. இயக்கத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை.

அதை வைத்து அவர் செய்த விளையாட்டின் பெயர் 'கடைசிப் பந்தி'. ஒரு கல்யாண மண்டபம். குட்டி மனிதன் ஒருவன் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். வழியெல்லாம் அத்தைமார்கள். "சம்பளம் எத்தன கண்ணு?", "முடியெல்லாம் எங்க போச்சு?", "போன கல்யாணத்துக்கு மொய் வெச்சியா?" என்று திரையில் கேள்விகள் வரும். விளையாடுபவர் வெட்கப்பட வெட்கப்பட, மூலையில் ஓர் எண் ஏறும்; அந்த மனிதன் சுருங்குவான்; இலையை எடுத்துவிடுவார்கள். இயக்கத்தினர் எல்லாரும் ஆடிப் பார்த்ததில் அதிகபட்சமாக வந்தது நூற்று நாற்பது. அதுவும், ஆடிக்கொண்டிருந்தவரின் அம்மா போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கர் போட்டிருப்பது தெரியாமல், "குளிச்சியா இல்லியா?" என்று கேட்டபோது வந்தது.

அதனால்தான் திருமூர்த்தி அந்த எண்ணுக்கு ஒரே பைட்டை ஒதுக்கினார். ஒரு பைட்டுக்குள் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் எண்ண முடியும். அதற்கு மேல் ஒன்று கூடினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் கணக்கு ஒன்பதுகள் தீர்ந்ததும் சைபருக்குப் போவதுபோல, மறுபடி சைபர்தான். இரண்டு பைட் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஆனால் மிச்சம் பிடித்த இடத்தில் அத்தைமாரில் ஒருத்திக்கு மூக்குத்தி வைத்தார். அந்த மூக்குத்தி பாராட்டப்பட்டது.

நிரலைப் பொதுவில் வைத்ததும், தூத்துக்குடியிலிருந்து மெர்லின் என்ற பெண் ஒரு கேள்வி எழுதினார். முகம் தெரியாதவர்தான். "சார், எண் 255-ஐத் தாண்டினால் சைபர் ஆகிவிடுமே, பரவாயில்லையா?"

திருமூர்த்தி பதில் எழுதினார்: "மனிதனுக்கு அவ்வளவு வெட்கம் வராது." பின்குறிப்பாக ஒரு சிரிக்கும் முகம். 'தீர்ந்தது' என்று கேள்வியை மூடினார். அந்தப் பதிலுக்கு நிறையக் கட்டைவிரல்கள் உயர்ந்தன.

இத்தோடு போயிருந்தால் உலகத்துக்கு ஒரு நல்ல விளையாட்டு மிஞ்சியிருக்கும். பொங்கல் விழாவில், தான் குடியிருந்த அடுக்ககத்தின் கடை வரிசையில் திருமூர்த்தி சிட்டுவை வைத்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர் கோதண்டபாணி அதை எட்டிப் பார்த்தார்.

கோதண்டபாணி கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரி அவரை விட்டாலும் அவர் மேடையை விடவில்லை. லிஃப்டில் இரண்டு பேர் சேர்ந்தாலே, "அவையோர்க்கு வணக்கம்" என்பதுபோலத் தொண்டையைச் செருமுவார்.

"இந்த எண் எதைக் குறிக்கிறது, திருமூர்த்தி அவர்களே?"

"வெக்கத்தைங்க சார்."

"அச்சத்தையும் இது வெட்கமென்று காட்டிவிடாதா?"

"காட்டாதுங்க. பயந்தா விரலு சில்லுன்னு ஆயிரும். வெக்கப்பட்டா ரத்தம் மேல ஏறி விரலு சூடாகும், கூடவே வேர்க்கும். ரெண்டும் சேர்ந்து வந்தா மட்டுந்தான் எண் ஏறும்."

கோதண்டபாணி யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசிப்பது ஊருக்கு நல்லதல்ல. "விளையாட்டை நீக்கிவிடுங்கள். எண் மட்டும் போதும். இதற்கு 'மனசாட்சிமானி' என்று பெயர் சூட்டுகிறேன்."

திருமூர்த்தி விளையாட்டை நீக்கினார். அத்தைமார்கள் போனார்கள், மூக்குத்தியும் போனது. மிச்சம் பிடித்த இடம் இப்போது காலியாகவே கிடந்தது. எண் அந்த ஒரே பைட்டில் இருந்தது. 'தீர்ந்தது' என்று மூடிய கேள்வியை யார் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள்?

சங்கம் அதை உடனே வேலைக்கு வைத்தது. லிஃப்டில் நாயை அசிங்கம் செய்யவிட்டது யார், மாடியிலிருந்து குப்பையைப் போட்டது யார் என்றெல்லாம் கூட்டம் கூடும். சந்தேகப்பட்டவர் கையில் சிட்டுவைக் கொடுத்து, நடந்ததை உரக்கப் படிப்பார்கள். தேர்ச்சி மதிப்பெண் முப்பத்தைந்து. கோதண்டபாணிக்கு வேறு எண் தெரியாது. முப்பத்தைந்துக்கு மேல் வந்தால் மனசாட்சி உள்ளவர், மன்னித்துவிடலாம். கீழே போனால் வெட்கங்கெட்டவர். பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும். திரை சிறிது என்பதால் எண்ணைப் பார்த்து மைக்கில் அறிவிக்கும் பொறுப்பு திருமூர்த்திக்கு. "மெஷின் பொய் சொல்லாதுங்க" என்று ஆரம்பித்துத்தான் அறிவிப்பார். தலைவர் மட்டும் கருவியைத் தொடுவதில்லை. "நீதிபதி கூண்டில் ஏறலாகுமா?"

பக்கத்து அடுக்ககங்கள் கேட்டு வாங்கின. ஒரு பள்ளிக்கூடமும் ஒரு நூல் மில்லும் வாங்கின. பொது நிரல்தானே, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. திருமூர்த்திக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று சங்கம் தீர்மானித்தது. அவர் முகத்தோடு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கப்பட்டுச் சாலையோரப் பக்கவாசல் கேட்டில் கட்டப்பட்டது. 'மனசாட்சிக்கு எண் தந்த மாமேதையே' என்று போட்டிருந்தது.

"உங்க மூஞ்சிய கேட்டுல கட்டி வெச்சுப்போட்டாங்க. இனி கேட்டு எப்படிங்க சாத்தும்?" என்று காய்கறிப் பையோடு வந்த அவர் மனைவி வசுமதி கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்குந்தான. கழட்டிருவாங்க" என்றார் திருமூர்த்தி. வீட்டுக்குப் போகும்போது இன்னொரு முறை ஃப்ளெக்ஸைப் பார்த்தார். நெற்றி கொஞ்சம் வெள்ளையாக விழுந்திருந்தது. மற்றபடி குறையில்லை.

அந்த ஞாயிறுக்கு முன்பே அது நடந்தது. அடுக்ககத்தின் தரைத்தளத்தில் சுகந்தி என்ற பெண் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். வேலைக்குப் போகும் பெற்றோர் எல்லாரும் அவளிடம்தான் பிள்ளைகளை விட்டார்கள். இரண்டாம் பிளாக்கின் மூன்று வயதுக் குழந்தை நிவேதா, சுகந்தி வேறொரு குழந்தைக்கு உடை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே ஓடி, சாத்தாத கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டது. ஸ்கூட்டர் ஒன்று இடித்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, தொடை எலும்பு முறிந்து காலில் மாவுக்கட்டு.

சங்கத்தில் எதையும் வீணாக்க மாட்டார்கள். மண்டபம் ஏற்கெனவே பிடித்தாயிற்று, போண்டாவுக்கும் சொல்லியாயிற்று. எனவே முதலில் பாராட்டு, அடுத்து விசாரணை, அதன்பின் தேநீர் என்று நிகழ்ச்சி நிரல் போட்டார்கள்.

கோதண்டபாணி அரை மணி பேசி, திருமூர்த்தியின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டல் ஓய்வதற்குள் சுகந்தியை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். அழவில்லை. தலையைக்கூடச் சரியாக வாரவில்லை. சிட்டுவைக் கையில் கொடுத்ததும், கோயிலில் தரும் எதையோ வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"கடந்த வெள்ளியன்று, தங்கள் பொறுப்பில் விடப்பட்ட பச்சிளம் குழந்தை..." என்று கோதண்டபாணி படிக்க ஆரம்பித்தார்.

திருமூர்த்தி குனிந்து திரையைப் பார்த்தார். எண் ஏறிக்கொண்டிருந்தது. எண்பது. நூற்றைம்பது. இவ்வளவு வேகமாக அது ஏறி அவர் பார்த்ததில்லை. இருநூற்று முப்பது. இருநூற்று ஐம்பது. இருநூற்று ஐம்பத்தைந்து. சைபர். ஒன்று. மூன்று. அங்கேயே நின்றது.

மண்டபம் காத்திருந்தது. சுகந்தியின் விரல்கள் பொத்தானை அழுத்திய இடத்தில் வெளுத்திருந்தன. அவளும் அவரையேதான் பார்த்தாள், பரீட்சை முடிவைக் கேட்பவள்போல.

என்ன நடந்தது என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர் ஒரே ஒருவர். சொல்ல அவருக்கு வார்த்தையும் இருந்தது: 'ஒரு நிமிஷம், இதுல ஒரு தப்பு இருக்குதுங்க.' ஆனால் தோளில் பொன்னாடை இருந்தது. ஜரிகை கழுத்தில் குத்தியது. இவ்வளவு பேர் கைதட்டிய கருவியில் தப்பு இருக்கிறது என்று, கைதட்டலின் சூடு ஆறுவதற்குள் எப்படிச் சொல்வது? தேநீருக்குப் பிறகு தலைவரிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

"மூணு" என்றார். பழக்கதோஷத்தில், "மெஷின் பொய் சொல்லாதுங்க" என்பதையும் சேர்த்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "கொழந்தையோட கால ஒடச்சுப்போட்டு துளி வெக்கமில்ல பாரு" என்று பின்வரிசையில் ஒரு பெண் குரல். சுகந்தி கருவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். தேநீர் வந்தது. கோதண்டபாணியைச் சுற்றி ஆட்கள் நின்றதால் தனியாகப் பேச முடியவில்லை. போண்டா சூடாக இருந்தது என்பது திருமூர்த்திக்கு நினைவிருக்கிறது. இரண்டு தின்றதும் நினைவிருக்கிறது.

வீட்டில் வசுமதி தட்டை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "ஏனுங்க, சால்வையோடவே சாப்படறீங்களா?"

அவர் அவசரமாகக் கழற்றினார்.

"அந்தப் புள்ள மொகத்தப் பாத்தீங்கல்ல? அதுக்குப் போய் மூணுன்னு சொன்னீங்களே. எனக்கு மெஷினெல்லாம் தெரியாது. கண்ணு தெரியும்."

"மெஷின்ல என்ன வந்துச்சோ அதத்தான நான் சொன்னேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று வசுமதி ரசத்தை ஊற்றினாள்.

சாப்பிட்டதும் அவர் நிரலைத் திறந்தார். திருத்தம் ஒரே வரிதான். ஒரு பைட் இருந்த இடத்தில் இரண்டு. இனி அறுபத்தையாயிரம் சொச்சம் வரை இடமுண்டு. அதன் கீழே வழக்கப்படி, எதற்காக மாற்றினோம் என்று எழுத வேண்டும். 'எண் தவறாகக் காட்டியது, அதனால் ஒரு பெண்' என்று தொடங்கினார். அழித்தார். 'மிகை எண்களில் பிழை' என்று எழுதினார். அதையும் அழித்தார். கடைசியில் 'சிறு திருத்தம்' என்று எழுதிப் பொதுவில் வைத்தார். யாரும் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடமும் மில்லும் பழைய பிரதியிலேயே ஓடிக்கொண்டிருந்தன. வேலை செய்கிற ஒன்றை யார் மாற்றுவார்கள்?

காப்பகம் மூடப்பட்டது. பலகையில் பெயர் வந்ததும் ஒவ்வொரு பெற்றோராகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். சுகந்தி வீட்டைக் காலி செய்தாள். சரவணம்பட்டி பக்கம் ஏதோ பேக்கரியில் நிற்கிறாள் என்று வசுமதிதான் சொன்னாள். சொன்ன விதத்தில், போய்ப் பார்க்கச் சொன்னாளா, தெரிந்துகொள்ளச் சொன்னாளா என்று விளங்கவில்லை. அன்றிலிருந்து திருமூர்த்தி பக்கவாசல் வழியாகப் போவதையே விட்டிருந்தார். ஃப்ளெக்ஸ் இன்னும் அங்கேதான் இருந்தது.

ஒரு மாலை அவர் அந்த பேக்கரிக்குப் போனார். சுகந்தி கல்லாவுக்குப் பக்கத்தில் காகிதத்தில் பப்ஸ் மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு மறுபடி மடித்தது.

"வாங்க சார். என்ன வேணுங்?"

"ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு வந்த மூணு... அது மூணு இல்ல." கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தேங்காய் பன்னைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொன்னார். ஸ்கூட்டர் மீட்டரை உதாரணம் காட்டினார். தனக்கு அது அப்போதே தெரியும் என்பதையும் எப்படியோ சொல்லிவிட்டார்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "எவ்வளவுங்க இருந்துச்சு, நெசமா?"

"இருநூத்தி அம்பத்தொம்போது."

"அது நெறையங்களா?"

"நான் பாத்ததுலயே அதுதான் நெறைய."

ஒருவர் முட்டை பப்ஸ் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். மீண்டும் வந்து நின்றபோது குரல் தணிந்திருந்தது. "என்னைய ஊரு பேசுனது பெருசில்லீங் சார். கொழந்தைக்கு ஆனதுக்குப் பேசட்டும். கேட்டு தெறந்து கெடந்தா என்ன, பாத்துக்கறதுக்குத்தான என்னைய வெச்சிருந்தாங்க. ஆனா இன்னொண்ணு இருக்குது. படுத்தா நெஞ்ச அடைக்கும். அழுக வரும். அப்பறம் நெனப்பேன், இதெல்லாம் நடிப்புத்தான் போல, எனக்கே தெரியாம நடிக்கறேன் போல. மெஷினே மூணுன்னு சொல்லிருச்சே, பொய் சொல்லாதுன்னு நீங்களும் மைக்குல சொன்னீங்களேன்னு. அழுகறதுக்குக்கூட எனக்கு யோக்கியத இல்லீன்னு நிறுத்திக்குவேன்."

திருமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இத எனக்காக வந்து சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, எந்த பன் வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள். "எனக்காகன்னா, என்னையத் திட்டுனவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. தள்ளி நில்லுங்க சார், பின்னால ஆளு நிக்கறாங்க."

அடுத்த சங்கக் கூட்டத்தில் திருமூர்த்தி எழுந்து நின்றார். வரும்போதே சங்கத்தின் சிட்டுவில் திருத்திய நிரலை ஏற்றியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னார்: ஒரு பைட், மெர்லினின் கேள்வி, தன் பதில், பொன்னாடை, மூன்று. ஃப்ளெக்ஸ் கட்டியதால் கேட் சாத்தவில்லை என்பதையும் சொன்னார். குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் மண்டபம் நிசப்தமானதை அவர் கவனித்தார். கோதண்டபாணி அரை மணி பேசியும் கிடைக்காத நிசப்தம்.

கோதண்டபாணி தொண்டையைச் செருமினார். "அப்படியாயின், அந்தப் பெண்மணியின் எண் இருநூற்று ஐம்பத்தொன்பது?"

"ஆமாங்க சார்."

"அவ்வளவு வெட்கப்பட வேண்டுமெனில், செய்த குற்றம் எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும்? சங்கத்தின் முடிவு சரியென்றே இதன்மூலம் மேலும் உறுதியாகிறது."

பலர் தலையசைத்தார்கள். கேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

"சார், அது அப்படி இல்லீங்க..."

"தங்கள் நேர்மையை இந்த அவை பாராட்டுகிறது. தாங்கள் சொல்வது உண்மைதானா என்பதற்கும் கருவி உள்ளது. பிடியுங்கள்."

திருமூர்த்தி சிட்டுவை வாங்கினார். நல்லதாயிற்று என்று நினைத்தார். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்தது வெளியே வரட்டும். முந்நூறு வரட்டும், நானூறு வரட்டும், இடம் இருக்கிறது. சுகந்தி பட்டதைவிட ஒன்றாவது கூட வந்தால், இவர்களுக்கு ஒருவேளை உறைக்கும். கண்ணை மூடிக்கொண்டார். அவள் விரல்கள் வெளுத்திருந்ததை நினைத்தார். போண்டாவை நினைத்தார். விரல் சூடானது.

எண்ணைக் கோதண்டபாணியே குனிந்து படித்தார்.

"அறுபத்தொன்று."

மண்டபம் கைதட்டியது. முப்பத்தைந்துக்கு அறுபத்தொன்று நல்ல தேர்ச்சி. முதல் வகுப்பு என்று யாரோ சொன்னார்கள். திருமூர்த்தி கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். இடையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்குமோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். ஆனால் திருத்தியவர் அவரே. இனி அது சுற்றாது. அறுபத்தையாயிரத்துக்கு இடம் விட்டிருந்தார், வந்தது அறுபத்தொன்று. குரல் உடைந்தபோது கிடைத்த அந்த நிசப்தத்தில் தன் மனம் கொஞ்சம் குளிர்ந்துபோனது கருவிக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எனக்காகவா, உங்களுக்காகவா என்று பேக்கரியில் அவள் கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுதான்.

கோதண்டபாணி, கைவசம் எப்போதும் வைத்திருக்கும் சால்வைகளில் ஒன்றை எடுத்து வந்தார். திருமூர்த்தி வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அது பணிவு என்று எடுத்துக்கொள்ளப்பட்டு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் வெளியே நடந்தார்.

பக்கவாசலில் ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. முகம் போய்விட்டது, 'மாமேதையே' மட்டும் மிச்சம். கயிற்றை அவிழ்த்தார். ஒரு முடிச்சுதான். கேட்டை இழுத்ததும் எந்தத் தடையும் இல்லாமல் வந்து சாத்திக்கொண்டது.

மாடிப்படியில் உட்கார்ந்து போனில் மெர்லினின் பழைய கேள்வியைத் தேடி எடுத்தார். 'தீர்ந்தது' என்றிருந்ததை நீக்கிக் கேள்வியைத் திறந்தார். தன் பதிலை அழிக்கக் கை போனது. அழிக்கவில்லை. அதன் கீழே, எதற்காக மாற்றினோம் என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதினார்:

'மேலே "மனிதனுக்கு அவ்வளவு வெட்கம் வராது" என்று சொல்லியிருப்பது பிழை. வரும், வந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு மூன்று என்று அறிவித்தேன். "மனிதனுக்கு" என்பதை எடுத்துவிட்டு "எனக்கு" என்று படிக்கவும். இந்தத் திருத்தம் சோதித்துப் பார்க்கப்பட்டது.'